பிள்ளை பார்த்துக்கொண்ட ஓர் இரவு

ஹாஸ்யப் படங்களைச் சிரித்து முடித்தவுடன் மறந்துவிடத் தக்க பதார்த்தம் என்றே நம்மில் பெரும்பாலோர் கருதிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தின் காரணமாக, ஓட்டமும் துரத்தலும் கூச்சலுமாகக் கண்முன் ஓடிப் போகும் ஒரு படத்துக்குள்ளே, ஒரு ஜன சமூகம் தன் குழந்தைகளை யார் கையில் விட்டுவிட்டு வெளியே போகிறது, அப்படிப் போகும்போது அதன் மனத்தில் என்ன பயம் இருக்கிறது என்பன போன்ற விஷயங்கள் பதிந்து கிடப்பதை நாம் கவனிக்காமலே எழுந்து வந்துவிடுகிறோம். 1987-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் வெளியான 'அட்வென்சர்ஸ் இன் பேபிசிட்டிங்' என்ற படம் அவ்விதம் கவனிக்கப்படாமல் போகக் கூடாத ஒன்று என்பது என் அபிப்பிராயம். கிரிஸ் கொலம்பஸ் என்பவர் டைரக்ட் செய்த முதல் படம் அது. கதை வசனம் டேவிட் சிம்கின்ஸ்.

கதை ஒரே இரவில் நடந்து முடிகிறது. சிகாகோவுக்கு மேற்கே ஓக் பார்க் என்ற புறநகரில், கிரிஸ் பார்க்கர் என்ற பதினேழு வயதுப் பெண், தன் காதலனோடு வெளியே விருந்துண்ணப் போவதற்காகப் பழைய பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு தன் அறையில் ஆடியபடியே அலங்காரம் செய்துகொள்கிறாள். வாசலில் வந்து நின்ற காதலன் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். மனம் உடைந்திருக்கும் அந்த வேளையில், ஆண்டர்சன் தம்பதிகள் நகரத்தில் ஒரு விருந்துக்குப் போக வேண்டியிருப்பதால், அவர்களுடைய எட்டு வயது மகள் சாராவைப் பார்த்துக்கொள்ள அவள் ஒப்புக்கொள்கிறாள். சாராவின் அண்ணன் பிராடும் அவனுடைய சிநேகிதன் டாரிலும் கூடவே ஒட்டிக்கொள்கிறார்கள். வீட்டை விட்டு ஓடிப்போய் நகரத்துப் பஸ் நிலையத்தில் காசில்லாமல் தவித்து நிற்கும் பிரெண்டா என்ற தோழியிடமிருந்து டெலிபோன் வருகிறது. பிள்ளைகளைத் தனியே விட்டுப் போக முடியாது, தோழியையும் கைவிட முடியாது. ஆகவே மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிரிஸ் புறப்படுகிறாள். பெருஞ்சாலையில் டயர் வெடிக்கிறது, மாற்று டயர் இல்லை, கைப்பையையோ வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நேரும் அனர்த்தங்களை ஒன்றுவிடாமல் சொல்லப் புகுந்தால் கட்டுரை கதைச் சுருக்கமாகிவிடும். வேண்டியவற்றை வேண்டிய இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கதைக்கு ஆதாரமான ஏற்பாடு அமெரிக்கப் புறநகரின் ஏற்பாடு. தாயும் தகப்பனும் இரண்டொரு குழந்தைகளும் மட்டுமே வசிக்கும் தனி வீடு. பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் வேறு எங்கோ இருக்கிறார்கள். ராத்திரி வெளியே போக நேர்ந்தால், அடுத்த தெருவிலுள்ள பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு புறநகர்கள் பெருகியபோது இந்த வழக்கமும் கூடவே பெருகியது. மிரியம் ஃபோர்மன்-புருனெல் என்ற சரித்திர ஆசிரியை, பிள்ளை பார்க்கும் பெண்களைப் பற்றியே 2009-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்; வளர்ந்துவரும் பெண்களைக் குறித்துப் பெரியவர்களுக்கு இருந்த கவலைகள் அனைத்தும் இந்தச் சிறு உத்தியோகத்தின்மேல் எப்படி வந்து படிந்தன என்பதே அதன் விஷயம். 1986-இல் ஆன் எம். மார்ட்டின் எழுதத் தொடங்கிய 'பேபி-சிட்டர்ஸ் கிளப்' கதைகள், அதே உத்தியோகத்தைச் சிறுமிகளே சங்கம் வைத்து நடத்தும் கௌரவமான தொழிலாகக் காட்டிப் புகழ் பெற்றன. நம் படம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. பாட்டியின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த வழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு, குழந்தையைக் காக்கிறவளே இன்னும் குழந்தைப் பருவம் தாண்டாதவளாக இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த விசித்திரத்தில்தான் இப்படத்தின் ஹாஸ்யம், பயம் இரண்டுமே பிறக்கின்றன.

பயம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்படத்தைத் தயாரித்த இருவரில் ஒருவர் டெப்ரா ஹில் என்ற அம்மையார். 1978-இல் ஜான் கார்ப்பென்டரோடு சேர்ந்து 'ஹாலோவீன்' என்ற பயங்கரப் படத்தை எழுதியவரும், அதைத் தயாரித்தவரும் அவரே. அந்தப் படத்தின் கதாநாயகி லாரியும் பதினேழு வயதுப் பெண். அவளும் ராத்திரியில் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். கதை நடக்கும் ஊர் இல்லினாய் மாகாணத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர். நியூ ஜெர்சி மாகாணத்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே டெப்ரா ஹில் அதற்குச் சூட்டியிருந்தார். ஒன்பது வருஷங்கள் கழித்து அவர் தயாரித்த இந்த ஹாஸ்யப் படத்திலும் அதே இல்லினாய் மாகாணம், அதே வயதுப் பெண், அதே ஒப்படைப்பு. கொலைகாரனோடு போராடும் வேளையிலும் லாரி பிள்ளைகளை வெளியே அனுப்பிக் காப்பாற்றுகிறாள். கிரிஸ் பார்க்கரும் கார்த் திருடர்களின் கூடாரத்தில் அகப்பட்டுக்கொண்ட வேளையில், கூரை உத்தரங்களின்மேல் பிள்ளைகளை நடத்திக்கொண்டு தப்பிக்கிறாள். பயங்கரத்தையும் ஹாஸ்யத்தையும் ஒரே அஸ்திவாரத்தின்மேல் ஒரே கை எழுப்பியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், இப்படத்தில் சிரிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நெஞ்சு படபடப்பதற்குக் காரணம் விளங்கிவிடும்.

அந்தப் படபடப்பைத் தாண்டி நாம் நிம்மதியாகச் சிரிப்பதற்குத் தைரியம் கொடுப்பது எது என்று ஆலோசித்துப் பார்த்தால், என் மனத்துக்கு ஒரே விடைதான் புலப்படுகிறது. அந்த இரவு முழுவதும் கிரிஸ் பார்க்கர் தன் பொறுப்பை ஒரு கணமும் கீழே வைப்பதில்லை. கார் போனாலும், காசு போனாலும், காதலன் பொய் சொன்னவன் என்று தெரியவந்தாலும், அவளுடைய பார்வை மறுபடி மறுபடி மூன்று தலைகளின்மேல் வந்து நிற்கிறது. நகரத்து ரயில் பெட்டியில் இரண்டு கும்பல்கள் மோதிக்கொள்ளும்போது, ஒரு கும்பலின் தலைவன் எறிந்த கத்தி பிராடின் பாதத்தில் பாய்ந்துவிடுகிறது. தங்கள் கும்பலின் பெயரைச் சொல்லி அவன் மிரட்டுகிறான். கிரிஸ் அந்தக் கத்தியைப் பிடுங்கிக் கையில் ஏந்திக்கொண்டு, அவன் சொன்ன வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறாள். கும்பலின் பெயர் இருந்த இடத்தில் தன் உத்தியோகத்தின் பெயரை வைக்கிறாள். வாக்கியம் கொச்சையானதுதான். ஆயினும், சாயங்காலம் வேண்டா வெறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு கூலி வேலை, அந்த நிமிஷத்தில் அவளுக்கு அதிகாரமாகவும் அந்தஸ்தாகவும் மாறிவிடுவதைப் பார்க்கும்போது, கொட்டகையில் எழும் சிரிப்பில் ஒரு மரியாதையும் கலந்துவிடுகிறது. கிரிஸாக நடிக்கும் எலிசபெத் ஷூ அவ்விடத்தில் குரலை உயர்த்திக் கத்தவில்லை. பயந்திருக்கும் ஒருத்தி பயத்தை விழுங்கிக்கொண்டு பேசினால் எப்படி இருக்குமோ அப்படியே பேசுகிறாள்.

எனக்கு மிகவும் பிரியமான கட்டம் கார்ப் பழுது பார்க்கும் கொட்டகையில் நடப்பது. டயர் மாற்றியதற்கு ஐம்பது டாலர் கொடுத்தால்தான் காரைத் தருவதாகத் தகவல். எங்கெங்கோ அலைந்து, கல்லூரி மாணவர் விடுதி ஒன்றின் கேளிக்கையில் சந்தித்த டான் என்ற இளைஞனின் தயாளத்தால் அவர்கள் கையில் சேர்ந்திருப்பது நாற்பத்தைந்து டாலர். கொட்டகைச் சொந்தக்காரன் டாசன் வெளியே வருகிறான்: தோளில் புரளும் பொன்னிறத் தலைமயிர், அகன்ற மார்பு, கையில் ஒரு சம்மட்டி. ஐந்து டாலர் குறைந்தால் கார் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறான். சாராவுக்கோ, சித்திரக் கதைகளில் வரும் தோர் என்ற வீரதேவனிடம் அபார பக்தி. இறக்கை வைத்த அவனுடைய கிரீடத்தைப் போன்ற ஒரு தொப்பியை அன்றிரவு முழுவதும் தலையில் அணிந்தபடியேதான் அவள் திரிந்துகொண்டிருக்கிறாள். எதிரே நிற்பவனைக் கண்டதும் அவள் கண்கள் விரிகின்றன; தன் தெய்வமே பிரசன்னமாகிவிட்டதாக நம்பிவிடுகிறாள். அவன் கடுமையாகப் பேசப் பேச அவள் முகம் வாடுகிறது. தோர் இப்படியெல்லாம் நடந்துகொள்ள மாட்டார் என்ற ஏமாற்றம் அதில் தெரிகிறது. கடைசியில் தான் உயிராக வைத்திருந்த தொப்பியையே கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அந்த முரடனின் முகம் இளகுவதை வின்சென்ட் டி'ஆனஃப்ரியோ வெகு நுட்பமாகக் காட்டுகிறார். அவன் தேவன் அல்ல, டயர் மாற்றுகிறவன். ஆனால் ஒரு குழந்தை தன்னைத் தேவனாக நினைத்துவிட்டபிறகு அந்த நினைப்புக்குக் குறைவாக நடந்துகொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. கார் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இதே நடிகர் அதே 1987 கோடையில் ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தில், உடல் பருத்து, சித்திரவதைப்பட்டுப் புத்தி பேதலித்துப் போகும் சிப்பாயாகத் தோன்றியவர் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தச் சில நிமிஷ வேஷம் இன்னும் ஆச்சரியமாக இருக்கும்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறை ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் புகழ்வது நேர்மையாகாது. ஓக் பார்க்கின் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிகாகோ நகரத்துக்குள் நுழைந்தவுடனே அபாயம் தொடங்குகிறது என்பதும், அந்த அபாயத்துக்கு அடையாளமாகப் பல இடங்களில் கறுப்பு மனிதர்களின் முகங்களே காட்டப்படுகின்றன என்பதும், அக்காலத்துப் புறநகர்வாசிகளின் மனத்தில் இருந்த பீதியை அப்படியே திரையில் ஏற்றியதன் விளைவு. நகரக் காட்சிகளில் பெரும்பகுதி கனடாவின் டொரான்டோவில் எடுக்கப்பட்டது என்பது இவ்விஷயத்தில் யோசிக்கத் தக்கது. சிகாகோவின் பயங்கரமாக நமக்குக் காட்டப்படும் தெருக்கள் பலவும் வேறொரு தேசத்துத் தெருக்கள் என்றால், அந்தப் பயங்கரம் எந்தத் தெருவில் இருந்தது, பார்ப்பவர் உள்ளத்தில் எவ்வளவு இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இக்குறையைப் படமே ஓரளவு உணர்ந்திருப்பதற்கும் சாட்சியங்கள் உண்டு. அவர்கள் ஒளிந்திருந்த காரைத் திருடிக்கொண்டு போகும் ஜோ கிப் என்ற கறுப்பு இளைஞன், உள்ளே பிள்ளைகள் இருப்பது தெரிந்த நேரத்திலிருந்து, தன் எஜமானர்களின் கோபத்துக்கு அஞ்சாமல் அவர்களுக்குத் தீங்கு நேராதபடி பார்த்துக்கொள்ள முயல்கிறான். கிரிஸ் பார்க்கருக்கு அடுத்தபடியாக அந்த இரவில் பிள்ளைகளைக் காத்தவன் அவனே.

மற்றொரு சாட்சி புளூஸ் சங்கீதக் கூடத்தில் நடக்கும் கட்டம். திருடர்களிடமிருந்து தப்பி ஓடிவரும் நால்வரும் பின்கதவு வழியாக ஒரு கூடத்துக்குள் புகுந்து, திரும்பிப் பார்த்தால் மேடையின் நடுவில் நிற்கிறார்கள். மேடையில் இருப்பவர் ஆல்பர்ட் காலின்ஸ்; வேஷமில்லை, டெக்ஸாஸில் பிறந்து, டெலிகாஸ்டர் கிடாரில் தனக்கென்று ஒரு நாதத்தை உண்டாக்கிக்கொண்டு, சிகாகோவின் அலிகேட்டர் கம்பெனியின் இசைத்தட்டுகள் மூலம் கீர்த்தி பெற்ற அந்த வித்வானே தாமாக வந்து அமர்ந்திருக்கிறார். புளூஸ் பாடாமல் இந்த இடத்தை விட்டு யாரும் போகக் கூடாது என்று அவர் சொல்லிவிடுகிறார். தென்மாகாணங்களின் பருத்தி வயல்களிலிருந்து வடக்கே வந்து சிகாகோவின் ஆலைகளில் உழைத்த கறுப்பு ஜனங்கள், தங்கள் துயரத்தைத் தாங்கிக்கொள்வதற்காகப் பாடிப் பாடி வளர்த்த கலை அது. அதைப் பாடுவதற்கு ஓக் பார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி எழத்தான் செய்யும். அவள் தட்டுத் தடுமாறித் தொடங்குகிறாள். பாடத் தெரியாததால் அன்றிரவு நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காலின்ஸின் கிடார் பதில் கொடுக்கிறது. சபையில் இருப்பவர்கள் முதலில் கல் போல் உட்கார்ந்திருந்து, பிறகு தலையசைத்து, பிறகு தாளம் போட்டு, கடைசியில் எழுந்து நிற்கிறார்கள். துரத்தி வந்த முரடர்கள்கூட, பாட்டுப் பாடினால்தான் போகலாம் என்ற அந்த மேடையின் நியதிக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டியதாகிறது. காலின்ஸ் முழங்க வைத்த துக்கத்துக்கும் ஓர் இரவின் சங்கடத்துக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டே, அந்தப் பெண்ணின் சிறு துயரத்துக்கும் இடம் கொடுத்த பெருந்தன்மை மேடையில் இருந்தவருடையது. இந்தக் கட்டத்தில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பது தெளிவாக இருப்பதால்தான், மற்ற இடங்களில் காணாத ஒரு நியாயம் இங்கே காணப்படுகிறது.

படத்தின் உச்சகட்டம் நகரத்தின் நடுவே வைரத்தைச் சாய்த்து வைத்தது போன்ற கண்ணாடி உச்சியுள்ள ஓர் உயர்ந்த கட்டடத்தில். கீழே பெற்றோர் விருந்தில் இருக்கிறார்கள்; அதே கட்டடத்தின் வெளிப்புறச் சாய்வில், பாதாளம் போல் தெரியும் வீதிக்கு மேலே, சாரா தொங்கிக்கொண்டிருக்கிறாள். பெற்றோரும் பிள்ளையும் ஒரு கண்ணாடியின் இரு புறங்களில் இருக்கிறார்கள் என்ற கற்பனை மிக நல்லது. துரத்தல் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கொலம்பஸின் பிற்காலப் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் இப்படத்தின் ஸ்தானம் இன்னும் நன்றாக விளங்கும். 1990-இல் அவர் எடுத்த 'ஹோம் அலோன்' படத்தில், அதே சிகாகோவின் வேறொரு புறநகரில், பார்த்துக்கொள்ள ஒருவருமின்றி விடப்பட்ட சிறுவன் தன் வீட்டைத் தானே காக்கிறான். 1993-இல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில், விவாகரத்தினால் பிள்ளைகளைப் பிரிந்த தகப்பன், பிள்ளை பார்க்கும் கிழவியாக வேஷம் போட்டுக்கொண்டு தன் வீட்டிலேயே கூலிக்கு அமர்கிறான். 2001-இல் அவர் எடுத்த முதல் ஹாரி பாட்டர் படம், பெற்றோரை இழந்து, அன்பில்லாத உறவினர் வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் வளர்ந்த பையனைப் பற்றியது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற ஒரே கேள்வியை இவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட இடம் ஓக் பார்க்கின் இந்த வீடுதான்.

இதே சட்டகத்தில் 2011-இல் 'தி சிட்டர்' என்ற படம் வந்தது. டேவிட் கார்டன் கிரீன் டைரக்ட் செய்தது. ஜோனா ஹில் கதாநாயகன். நோவா என்ற இளைஞன், தன் தாயார் வெளியே போய்வர வேண்டும் என்பதற்காக அவளுடைய சிநேகிதியின் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறான். பிறகு, தன்னை மதிக்காத ஒரு பெண்ணின் ஆசைகாட்டலுக்கு இணங்கி, அவளுக்குக் கொக்கேய்ன் வாங்கிக் கொடுப்பதற்காகப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நியூ யார்க் நகரத்துக்குள் போகிறான். ஆரவாரம் முன்னதைவிட அதிகம், பேச்சும் அதிகக் கொச்சை. ஆயினும் சிரிப்பு அடிக்கடி தொண்டையில் நின்றுவிடுகிறது. காரணம், கிரிஸ் பார்க்கர் நகரத்துக்குப் போனது ஒரு தோழியைக் காப்பாற்ற, நோவா போனது தன் இச்சைக்காக. பிள்ளைகளின் தலைகளை எண்ணிப் பார்க்காத ஒருவன் பின்னால் அவர்கள் ஓடும்போது, நாம் சிரிப்பதை விட்டுவிட்டு நாமே அவர்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எனினும் அப்படத்திலும் ஓர் உயர்ந்த இடம் உண்டு. எதற்கெடுத்தாலும் பதறி மாத்திரை விழுங்கும் ஸ்லேட்டர் என்ற பையனைத் தனியே உட்கார வைத்து, அவன் மனம் ஆண்களையே நாடுகிறது என்ற உண்மையை அவனுக்குக் கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்லி, அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நோவா தேற்றுகிறான். அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் அவன் உண்மையாகவே பிள்ளை பார்க்கிறவனாக இருக்கிறான். படமும் அந்த நிமிஷங்களில் பெருமை அடைகிறது.

முதல் படத்தை 2016-இல் டிஸ்னி தொலைக்காட்சிக்காக மறுபடியும் எடுத்தார்கள். அபாயங்களின் கூர்மையையெல்லாம் மழுக்கிவிட்ட அந்தப் பிரதி குழந்தைகளுக்குத் தீங்கில்லாதது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இம்மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க அவகாசம் இருக்கிறது என்று சொல்லும் வாசகருக்கு 1987-ஆம் வருஷத்துப் படத்தையே தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். ரயில் கட்டத்தில் வரும் வசைச்சொல்லுக்கும், கதையில் கைமாறிக்கொண்டே இருக்கும் ஓர் ஆபாசப் பத்திரிகைக்கும் பெற்றோர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். புளூஸ் கூடத்துக் காட்சி முடிந்ததும் படத்தைச் சற்றே நிறுத்தி, ஆல்பர்ட் காலின்ஸ் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன.